31ஏ-யின் வளைவுகளை விட்டுவையுங்கள்: பி.சி. போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணப் போக்குவரத்து அமைச்சருக்கும், கூட்டனே வட்டாரச் சாலைகளைக் கவனிக்கும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நெடுஞ்சாலை 31ஏ பற்றி எழுதுகிறேன். காஸ்லோவில் தொடங்கி நியூ டென்வரில் முடிகிற, 50 கிலோமீட்டர்கூட இல்லாத மலைச்சாலை. எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 'ஏ' எழுத்தைப் பார்த்தாலே தெரியும், இது தலைச்சாலை அல்ல, கிளைச்சாலை என்று. உங்கள் மேசையில் இதைவிட அவசரமான கோப்புகள் நூறு இருக்கும். இருந்தாலும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

நான் நெல்சனில் குடியிருக்கிறேன். மருந்துப் பெட்டிகள், வண்டி உதிரிபாகங்கள், தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள் என்று கேட்பதையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது என் பிழைப்பு. கூட்டனே ஏரிக்கரையோடு வடக்கே காஸ்லோ. அங்கிருந்து 31ஏ-யில் மலை ஏறி இறங்கி நியூ டென்வர். அப்புறம் நெடுஞ்சாலை 6-இல் தெற்கே சில்வர்ட்டன், ஸ்லோக்கன் வழியாக வீடு. இதுதான் என் சுற்று. இந்த மடலின் ஆங்கிலப் படியை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். கோடை விடுமுறைக்கு இந்தப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு வரும் நம்மவர்களும் படிக்கட்டும் என்று தமிழில் இங்கே வைக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தச் சாலையின் தடத்தை மாற்றாதீர்கள். மாற்றுவதற்கு ஆகும் பணத்தை அந்தத் தடத்தைக் காப்பாற்றுவதற்குச் செலவழியுங்கள்.

சரி, மாற்றப் போவதாக யார் சொன்னார்கள் என்று கேட்பீர்கள். நீங்கள் சொல்லவில்லை. ஆனால் சரக்கு இறக்கும் இடத்திலெல்லாம் காதில் விழுகிறது. "அந்த நாலு வளைவை நிமிர்த்தினால் பத்து நிமிஷம் மிச்சம்" என்கிறார் ஒருவர். "ஏரி ஓரமாக ஏன் நெளிந்து நெளிந்து போகணும், மேலே ஒரு வெட்டு வெட்டினால் நேராகப் போகலாமே" என்கிறார் இன்னொருவர். இப்படிப் பேசிப் பேசித்தான் ஒரு நாள் அது கோரிக்கை மனுவாகி உங்களிடம் வரும். அதற்கு முன்பாக இந்த மடல் வந்து சேரட்டும்.

இந்தத் தடத்தை யாரும் மேசையில் ஸ்கேல் வைத்துப் போடவில்லை. காஸ்லோவை விட்டு மேற்கே ஏறத் தொடங்கியதும் காஸ்லோ ஆறு கூடவே வருகிறது. சுரங்க ஊராக இருந்து ஓய்ந்துபோன ரெட்டலாக்கைத் தாண்டி மேலே போனால், நீர்பிரி மேட்டில் ஃபிஷ் லேக், பேர் லேக் என்று இரண்டு சின்ன ஏரிகள். கூட்டனே ஏரியும் ஸ்லோக்கன் ஏரியும் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் சொச்சம் உயரத்தில் கிடக்கின்றன. இந்த மேடு 1,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதற்கு மேற்கே தண்ணீர் மறுபக்கம் ஓடத் தொடங்குகிறது. சீட்டன் ஓடையைப் பிடித்துக்கொண்டு த்ரீ ஃபோர்க்ஸ் வரை இறங்குகிறோம். அங்கே சீட்டன், கேன், கார்ப்பெண்டர் என்று மூன்று ஓடைகள் கூடுகின்றன. மிச்சத் தூரம் கார்ப்பெண்டர் ஓடையின் பள்ளத்தாக்கு. அது நியூ டென்வரில் ஸ்லோக்கன் ஏரியில் போய் விழுகிறது. மேட்டில் பிரிந்த இரண்டு தண்ணீரும் அதோடு முடிவதில்லை. ஸ்லோக்கன் ஏரியின் நீர் ஸ்லோக்கன் ஆறாகத் தெற்கே ஓடி, நெல்சனுக்குக் கீழே கூட்டனே ஆற்றில் சேருகிறது. காஸ்லோ பக்கம் இறங்கிய தண்ணீரும் ஏரியைச் சுற்றிக்கொண்டு அதே ஆற்றுக்குத்தான் வருகிறது. என் வேனும் கிட்டத்தட்ட இந்த வட்டத்தைத்தான் அடிக்கிறது.

சீட்டன், கார்ப்பெண்டர் இரண்டும் ஆட்களின் பெயர்கள். ஜாக் சீட்டன், ஈலை கார்ப்பெண்டர் என்று கனிமம் தேடித் திரிந்த இரண்டு பேர் 1891-இல் இந்த மலையில் வெள்ளித் தாதைக் கண்டார்கள். பேய்ன் சுரங்கம் அப்படித்தான் பிறந்தது. கார்ப்பெண்டர் ஒரு காலத்தில் சர்க்கஸில் கயிற்றின் மேல் நடந்தவர் என்பார்கள். தாதைப் பரிசோதித்த முடிவு வந்ததும், கூட்டாளியிடம் "ஒன்றும் தேறாது" என்று சொல்லிவிட்டு வேறு ஆளோடு திரும்பிப் போகப் பார்த்தார் என்றும், விஷயம் காதுக்கு எட்டிய சீட்டன் வேறு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு முந்திக்கொண்டார் என்றும் ஊரில் கதை உண்டு. எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலா என்பது வேறு விஷயம். சண்டை போட்டுப் பிரிந்த அந்த இருவரின் பெயர் கொண்ட ஓடைகள் இரண்டும் த்ரீ ஃபோர்க்ஸில் ஒன்றாகக் கலந்து ஓடுகின்றன. மேடு தாண்டியதும் உங்கள் நெடுஞ்சாலை முதலில் சீட்டனோடும் பிறகு கார்ப்பெண்டரோடும் போகிறது.

வெள்ளி கிடைத்ததும் ரயில் வந்தது. காஸ்லோ அண்ட் ஸ்லோக்கன் ரயில்வே, மூன்றடி அகலக் குறுகிய பாதை, 1895-இல் காஸ்லோவிலிருந்து சாண்டன் என்ற சுரங்க ஊர் வரை. அதே ஆண்டு மேற்கே நக்கஸ்ப் பக்கத்திலிருந்து கனடியன் பசிஃபிக்கின் பாதையும் வந்து சேர்ந்தது. ஒரே தாதுக்கு இரண்டு கம்பெனி என்றால் கேட்கவா வேண்டும்? சாண்டனில் எதிரி கட்டிய ஸ்டேஷன் கட்டடத்தை அந்த டிசம்பரில் காஸ்லோ கம்பெனி ஆட்கள் கயிறு கட்டி இன்ஜினால் இழுத்துத் தள்ளினார்கள். 1910-இல் காட்டுத்தீ வந்து அந்தக் குறுகிய பாதையின் பெரும் பகுதியைத் தின்றுவிட்டது. ஆனாலும் அந்த ரயில்காரர்கள் காஸ்லோவிலிருந்து மேடு வரை தேர்ந்தெடுத்த வழி, அதாவது ஆற்றை விட்டு விலகாமல், ஏரிகளை ஒட்டி, எங்கே சரிவு குறைவோ அங்கே ஏறுவது, இன்றைக்கும் 31ஏ-யின் வழியாக இருக்கிறது. நேராகப் போகத் தெரியாமல் அவர்கள் நெளியவில்லை. இன்ஜின் அந்த ஏற்றத்துக்கு மேல் இழுக்காது, பள்ளத்தாக்கும் அதற்கு மேல் இடம் தராது.

பள்ளத்தாக்கு தராத இடத்தைப் பிடுங்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியூர் உதாரணம் எதற்கு? த்ரீ ஃபோர்க்ஸில் பிரிந்து மண்சாலையில் ஐந்து கிலோமீட்டர் போனால் சாண்டன். குறுகலான பள்ளத்தாக்கில் தெருவுக்கு இடமில்லை. அதனால் கார்ப்பெண்டர் ஓடையை மரப்பெட்டி மாதிரி ஒரு கால்வாய்க்குள் அடைத்து, அதன் மேலேயே பலகை பரப்பிக் கடைத்தெரு போட்டார்கள். ஆயிரக்கணக்கான பேர் நடந்த தெரு அது. 1955 வெள்ளத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டது. ஓடை தெருவையே எடுத்துக்கொண்டு போய்விட்டது. 1897 முதல் ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நீர்மின் நிலையமும், மிஞ்சிய சில கட்டடங்களும், எங்கிருந்தோ கொண்டுவந்து நிறுத்திய பழைய வான்கூவர் டிராலி பஸ்களும்தான் இன்று அங்கே. ஒருமுறை நேரில் போய், கற்குவியலுக்கு நடுவே ஓடை ஓடும் அந்த இடத்தில் நின்று பாருங்கள். கடைவீதி இருந்த இடம் அது.

ஆகவே என் முதல் கவலை மதகுக் குழாய்கள். மலைச்சரிவிலிருந்து இறங்கும் சின்னச் சின்ன ஓடைகளெல்லாம் 31ஏ-க்கு அடியில் குழாய் வழியாகத்தான் ஆற்றுக்குப் போகின்றன. வசந்தத்தில் பனி உருகும்போதும், எரிந்த சரிவில் மழை பெய்யும்போதும் தண்ணீர் தனியாக வருவதில்லை. மண்ணையும் கிளைகளையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. நான் பார்த்த ஒரு குழாயின் வாயில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு மரவேர் குறுக்கே சிக்கி, அதன் மேல் சருகும் சரளையும் படிந்து, பாதி வாய் மூடியிருந்தது. மேலே போகிற காருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்குச் சாலை போகும். வளைவை நிமிர்த்தப் பணம் இருந்தால் இந்தக் குழாய்களைப் பெரிதாக்குங்கள். ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள முடியாத வேலை என்பது தெரியும்.

அடுத்தது நெருப்பு. 2024 ஜூலையில் ஸ்லோக்கன் ஏரிப் பக்கம் காட்டுத்தீ எரிந்தபோது ஸ்லோக்கன், சில்வர்ட்டன் ஊர்க்காரர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை 6-இன் தெற்குப் பகுதி மூடப்பட்டது. நியூ டென்வரில் இருப்பவருக்கு வெளியே போக மூன்று வழிகள்தான்: 6-இல் வடக்கே, 6-இல் தெற்கே, 31ஏ-யில் கிழக்கே. தெற்கு அடைபட்டால் நெல்சனுக்குப் போக நேர் வழி 31ஏ. நெல்சனில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. நியூ டென்வரிலும் காஸ்லோவிலும் சின்ன சுகாதார மையங்கள்தான். நியூ டென்வரில் 500 பேர், காஸ்லோவில் 1,000 பேர் சொச்சம். தலையை எண்ணினால் சின்னக் கணக்கு என்பது சரிதான். ஆனால் வேறு வழி இல்லாத இடத்தில் போக்குவரத்தை எண்ணி முன்னுரிமை கொடுக்கக் கூடாது. பனி தள்ளும் வண்டி எந்தச் சாலைக்கு முதலில் போகிறது, மண் சரிந்தால் எவ்வளவு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும் என்பதையெல்லாம் ஒப்பந்தக்காரருக்கு எழுதிக் கொடுப்பது நீங்கள். அந்தக் காகிதத்தில் 31ஏ-யை ஒரு வகுப்பு மேலே ஏற்றுங்கள். இந்த ஒரு வரி மாறினால்கூட இந்த மடல் எழுதியதற்குப் பலன் உண்டு.

கூடவே இன்னொன்று. சாலையின் பெரும் பகுதியில் கைப்பேசிக்கு சிக்னல் கிடையாது. ஜனவரியில் ரெட்டலாக் பக்கம் வண்டி பள்ளத்தில் இறங்கினால், அடுத்த வண்டி வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மேட்டிலாவது ஓர் அவசரத் தொலைபேசி வைக்க வழி உண்டா என்று பாருங்கள்.

இப்போது தேரைகள். சிரிக்க வேண்டாம், இதுவும் தடத்தைப் பற்றிய விஷயம்தான். ஃபிஷ் லேக்கும் பேர் லேக்கும் மேற்கத்தியத் தேரைகள் முட்டையிடும் ஏரிகள். ஆண்டு முழுவதும் காட்டில் கிடக்கும் தேரை வசந்தத்தில் தான் பிறந்த ஏரிக்கே திரும்பி வருகிறது. ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே உங்கள் சாலை. மழை விட்ட ராத்திரியில் வந்து பார்த்தால் தெரியும். தார் ஈரமாகப் பளபளக்கும். வெளிச்சத்தில் முதலில் உருண்டைக் கல் மாதிரி இருக்கும். கிட்டே போனால் முதுகின் நடுவே ஒரு வெளிர்க் கோடு தெரியும். கல் அல்ல. ஹாரன் அடித்தாலும் நகராது. இறங்கித் தூக்கினால் கையில் குளிர்ச்சியாக, கனமாக, கால்களை மெல்ல உதைக்கும். ஒரு பெண் தேரை ஒரே தடவையில் 12,000 முட்டை வரை இடும், ஆனால் வாழ்நாளில் அப்படி அடிக்கடி இடுவதில்லை. அதனால் ஒரு டயருக்கு அடியில் போவது ஒரே ஒரு தேரை மட்டும் இல்லை. கோடைக் கடைசியில் விரல் நகம் அளவுக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஏரியை விட்டுக் காட்டுக்குக் கிளம்பும்போது மறுபடியும் இதே கதை. கனடா அரசின் பட்டியலில் இது தனிக்கவனம் தேவைப்படும் இனம்.

தன்னார்வலர்கள் ராத்திரியில் பளபளக்கும் சட்டை போட்டுக்கொண்டு, வாளியில் அள்ளி, சாலையின் மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறார்கள். அவர்களுக்கு என் கும்பிடு. ஆனால் நெடுஞ்சாலையின் குறையை வாளி வைத்து எத்தனை காலம் ஈடுகட்டுவது? இது உங்களுக்குப் புதிய விஷயமும் இல்லை. நக்கஸ்ப்புக்குத் தென்கிழக்கே நெடுஞ்சாலை 6-இல் சம்மிட் லேக் பக்கம், தேரைகள் அடியில் போக சுரங்கவழியும், அங்கே திருப்பிவிட வேலியும் உங்கள் துறையே அமைத்திருக்கிறது. ஆகஸ்டில் அங்கே தேரைத் திருவிழாவே நடக்கிறது. பிள்ளைகள் வரிசையில் நின்று வாளி தூக்குகிறார்கள். அங்கே கற்ற பாடத்தை இங்கே முழுமையாகப் பயன்படுத்துங்கள். இரண்டு ஏரிகளை ஒட்டி எந்த மராமத்து வேலை வந்தாலும், தார் போடுவதற்கு முன்பே தேரை போகும் வழி வரைபடத்தில் இருக்க வேண்டும். தேரை நடமாடும் மாதங்களில் ராத்திரிக்கு மட்டும் வேகத்தைக் குறைத்துப் பலகை வையுங்கள். அந்தச் சில கிலோமீட்டரில் யாருக்கும் குடி முழுகிப் போகாது.

ஏரி ஓரத்தை விட்டுச் சாலையை மேலே தூக்கினால் தேரைப் பிரச்சினையும் தீருமே என்று சிலர் கேட்கிறார்கள். தீராது. தேரை போகும் காட்டுக்குள்தான் புதுச்சாலை வரும். வடக்கே கோட் ரேஞ்ச் மாகாணப் பூங்கா, 1995-இல் அறிவித்தது. கிரிஸ்லி கரடிகள் பூங்காவின் எல்லைக் கல்லைப் பார்த்து நடப்பதில்லை, இந்த மேட்டைக் கடந்துதான் வடக்கும் தெற்கும் போய் வருகின்றன. அவற்றின் வழியில் இன்னொரு வெட்டு எதற்கு?

மேட்டுக்குப் பக்கத்தில் ஸிங்க்டனில் பனிச்சறுக்கு விடுதி கட்டும் யோசனை சில ஆண்டுகளாகவே பேச்சில் இருக்கிறது. ஊர் இரண்டுபட்டுக் கிடக்கிறது. நான் சரக்கு இறக்கும் ஒரே தெருவில் ஆதரவுப் பலகையும் எதிர்ப்புப் பலகையும் பார்க்கிறேன். அந்த முடிவு உங்கள் துறையின் வேலை இல்லை. ஆனால் அப்படி ஒன்று வந்தால் 31ஏ-யில் குளிர்காலத்தில் எத்தனை வண்டி கூடும், அதற்காகச் சாலையை அகலப்படுத்துவீர்களா மாட்டீர்களா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். விடுதிக்கு அனுமதி கொடுத்த பிறகு "போக்குவரத்து கூடிவிட்டது, வேறு வழியில்லை" என்று சொல்வது பழைய பாட்டு. இப்போதே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்வதற்கு முன்பு இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஸினிக்ஸ்ட் மக்களிடமும் உட்கார்ந்து பேசுங்கள். 1956-இல் கனடா அரசு இவர்களை அழிந்துபோன இனம் என்று காகிதத்தில் எழுதிவைத்தது. அவர்களுக்கு இங்கே உரிமை உண்டு என்று 2021-இல் டெசோட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாலையின் வரலாறு வெள்ளியிலிருந்து தொடங்குவது நான் மேலே எழுதிய கதையில்தான்; அவர்களுடைய கணக்கு அதற்கு எவ்வளவோ முந்தையது.

வளைவுக்காகவே வரும் மோட்டார் சைக்கிள்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோடை வந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பதினைந்து வண்டிகளாகப் போவார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை. காஸ்லோ பேக்கரிக்கும் நியூ டென்வர் பெட்ரோல் பங்குக்கும் அவர்களால் வியாபாரம். வளைவை நிமிர்த்தக் கூடாது என்பதில் அவர்களும் நானும் ஒரே கட்சி. ஆனால் குருட்டு வளைவில் நடுக்கோட்டை மிதித்துக்கொண்டு எதிரே வரும்போது என் வேன் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு. அகலப்படுத்த வேண்டாம். நடுக்கோட்டில் சக்கரம் ஏறினால் தடதடக்கும் பள்ளம் வெட்டுங்கள், குறிப்பிட்ட சில வளைவுகளில் போதும். வண்டிகளை ஓரம் கட்டும் இடங்களை இன்னும் இரண்டு மூன்று சேருங்கள். மெதுவாகப் போகிற என்னைப் போன்றவன் ஒதுங்கி வழிவிட்டால் பின்னால் வருகிறவர் வளைவில் முந்த மாட்டார்.

அகலப்படுத்தவே கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவன் அல்ல நான். நெடுஞ்சாலை 6-இல் சில்வர்ட்டனுக்குத் தெற்கே, ஏரிக்கு மேலே கேப் ஹார்ன் பாறையில் எதிரெதிர் வண்டிகள் ஒன்றுக்கொன்று காத்து நிற்க வேண்டியிருந்த இடத்தைச் சரி செய்தீர்கள். தேவையான வேலை. கனரக வண்டி எதிரே வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு போன இடம் அது. 31ஏ-யில் அந்த மாதிரி நெருக்கடி இல்லை.

நல்லது செய்ததையும் சொல்லிவிடுகிறேன். 1942-இல் கடற்கரையிலிருந்து சுமார் 22,000 ஜப்பானிய வம்சாவளிக் கனடியர்களை அரசு வெளியேற்றியபோது, இந்தச் சாலையின் இரு முனைகளும் நடுவில் சாண்டனும் முகாம்களாயின. காஸ்லோவில் காலியாகக் கிடந்த ஹோட்டல்களில் வைத்தார்கள். சாண்டனுக்கு முக்கியமாகப் பௌத்தர்களை அனுப்பினார்கள். நியூ டென்வரில் பழத்தோட்டத்தில் 14 அடிக்கு 28 அடி மரக்குடில்கள், பெரும்பாலும் ஒரு குடிலில் இரண்டு குடும்பம். 1994-இல் திறந்த நினைவு மையத்தில் அந்தக் குடில்கள் சில இன்னும் நிற்கின்றன. மாகாணத்தில் இப்படிப்பட்ட முகாம்கள் இருந்த பல இடங்களில் நெடுஞ்சாலை ஓரமாக நினைவுப் பலகைகள் வைத்தது உங்கள் துறை. அது உங்கள் துறையால் முடிகிற வேலை, செய்தும் இருக்கிறீர்கள். அதனால்தான் இந்தச் சாலையின் மற்ற விஷயங்களையும் உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது 31ஏ-யின் பராமரிப்பு வகுப்பு என்னவாக இருக்கும், எந்தெந்த மதகுக் குழாய்களை எந்த ஆண்டில் மாற்றுவீர்கள், இரு ஏரிகளின் பக்கம் தேரைகளுக்கு இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். காஸ்லோவிலும் நியூ டென்வரிலும் ஒரு கூட்டம் போட்டு நேரில் சொன்னால் இன்னும் நல்லது. அக்டோபருக்கு முன்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் குளிர்கால டயர் போடாமல் உங்கள் வண்டி இந்த மேட்டைத் தாண்டச் சட்டம் விடாது.

இப்படிக்கு,
நெல்சனிலிருந்து ஒரு வேன் ஓட்டுநர்